மொய் நோட்டில் ஏறாத உதவி

கம்பம் பள்ளத்தாக்கில் 2011 டிசம்பரை மறந்தவர்கள் குறைவு. முல்லைப் பெரியாறு அணை தாங்காது, புதிய அணை கட்டியாக வேண்டும் என்ற குரல் கேரளத்தில் ஓங்கியது. பெரியாற்றுத் தண்ணீர் கையைவிட்டுப் போய்விடுமோ என்ற கலக்கம் இங்கே வீட்டுக்கு வீடு பரவியது. குமுளியில் மோதல் வெடித்தது. கூடலூரிலிருந்தும் கம்பத்திலிருந்தும் சுற்றுப்பட்டுக் கிராமங்களிலிருந்தும் ஆயிரக்கணக்கான மக்கள் எல்லையை நோக்கி நடந்தார்கள். தடையுத்தரவு, தடியடி, கடையடைப்பு என்று நாள்கள் கழிந்தன. குமுளி, கம்பம்மெட்டு, போடிமெட்டு ஆகிய மலைப்பாதைகளில் போக்குவரத்து முடங்கியது. இடுக்கியின் ஏலத்தோட்டங்களில் தங்கி வேலை பார்த்த தமிழ்க் குடும்பங்கள் பயந்துபோய், சில காட்டுத்தடம் பிடித்து, பிள்ளைகுட்டிகளோடு இறங்கி வந்தன. இந்தப் பக்கத்தில் மலையாளிகள் நடத்திய கடைகள் தாக்கப்பட்டன. இரண்டு பக்கமும் அடிபட்டவர்கள், அணையைப் பற்றி முடிவெடுக்கும் இடத்தில் என்றைக்கும் உட்காராதவர்கள்.

அது ஏலக்காய் எடுக்கிற காலம். மழை ஓய்ந்து பனி இறங்கும் மார்கழியில் மலை வேலைக்குக் குறைவிருக்காது. விடியுமுன்னே தூக்குச்சட்டியும் தலைத்துண்டுமாகப் பெண்கள் ஜீப்புக்குக் காத்து நிற்பார்கள். இருட்டிய பிறகு திரும்புவார்கள். அந்த ஜீப்புகள் நின்றபோது கூலியும் நின்றது. கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரம்கூட இல்லை.

இராயப்பன்பட்டியும் ஆனைமலையன்பட்டியும் தலைமுறைகளாகக் கிறிஸ்தவர்கள் வாழும் ஊர்கள். உத்தமபாளையம், கம்பம், சின்னமனூர், போடி, தேனி எங்கும் கோயில் மணி கேட்கும் தெருக்கள் உண்டு. அந்தத் தெருக்களில் மலைக் கூலியை நம்பிய ஒரு வீட்டை மனத்தில் நிறுத்திக்கொள்ளலாம். குறிப்பிட்ட ஒரு வீட்டைச் சொல்லவில்லை. ஆனால் அப்படி ஒரு வீடு இல்லாத ஊர் இந்தப் பள்ளத்தாக்கில் இல்லை. அம்மாவுக்கு ஏலக்காய் எடுக்கும் வேலை. அப்பாவுக்குத் திராட்சைத் தோட்டத்தில் கவாத்து வேலை, மருந்தடிக்கிற வேலை, அதுவும் கிடைக்கும் நாளில். மூன்று பிள்ளைகள். மளிகைக் கடையில் பற்று ஏறியிருக்கிறது. மகளிர் குழுக் கடனுக்கு வாரத் தவணை நிற்கிறது. காதில் கிடந்தது அடகுக்குப் போய்விட்டது. பிள்ளைகள் கேட்பது ஒன்றே ஒன்று: புதுத்துணி. எல்லாப் பிள்ளைகளும் நள்ளிரவுத் திருப்பலிக்குப் புதுசு போட்டு வரும்போது பழசோடு முன்வரிசையில் உட்கார எந்தப் பிள்ளைக்கும் மனம் வராது. அந்த வீட்டு அம்மா அன்றிரவு கோயிலுக்கே போகாமல், உடம்புக்கு முடியவில்லை என்று சொல்லிப் படுத்துவிடுவது நம் ஊர்களில் நடக்காத காரியமல்ல.

எல்லை திறந்த பிறகும் இந்த வீடு மறையவில்லை. 2020இல் கொரோனா ஊரடங்கு எல்லையை மறுபடி மூடியது. மலைக்குப் போகிறவர்கள் மாதக்கணக்கில் வேலையிழந்தார்கள். ஏலக்காய் விலை 2019 ஆகஸ்டில் கிலோ 7,000 ரூபாயைத் தொட்டது. இரண்டே ஆண்டில் பல மடங்கு சரிந்தது. விலை ஏறியபோது கூலி அந்த வேகத்தில் ஏறவில்லை. விலை இறங்கியபோது முதலில் குறைந்தது வேலை நாள்தான். பருவம் தப்பிய மழையில் திராட்சைப் பழம் கொடியிலேயே வெடிக்கும். பந்தலில் வேலை இருக்காது. ஆகவே, கஷ்டகாலத்துக் கிறிஸ்துமஸ் என்பது எப்போதோ ஒருமுறை வந்துபோகும் விபத்தல்ல. ஒவ்வொரு டிசம்பரிலும் ஏதோ ஒரு தெருவில், ஏதோ ஒரு காரணத்தால், அது வந்துகொண்டேயிருக்கிறது.

அப்படி ஒரு வீட்டுக்கு ஊர் என்ன செய்ய வேண்டும் என்பதைப் பற்றியே இந்தக் கட்டுரை. உதவ வேண்டும் என்பதில் இங்கே யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. கொடுக்கும் குணம் இந்த மண்ணுக்குப் புதிதும் அல்ல. மதுரைச் சீமையைத் தாது வருடப் பஞ்சம் வாட்டிய 1876–78இல், தன் சொத்தையெல்லாம் விற்றுக் கஞ்சி ஊற்றிய குஞ்சரத்தம்மாளின் கதையை மதுரைக்காரர்கள் இன்றும் சொல்கிறார்கள். உத்தமபாளையத்தில் 1956இல் தொடங்கிய ஹாஜி கருத்த ராவுத்தர் ஹௌதியா கல்லூரியின் பெயரே ஒரு கொடையாளியின் பெயர். அங்கே படித்து முதல் பட்டதாரியான பிள்ளைகள் எல்லா மதத்து வீடுகளிலும் இருக்கிறார்கள். கார்த்திகை பிறந்துவிட்டால் கம்பம் சாலை நெடுகச் சபரிமலைக்குப் போகும் ஐயப்ப பக்தர்களுக்கு அன்னதானப் பந்தல்கள் போட்டிருக்கும். முன்பின் தெரியாதவருக்கு இலை போடத் தெரிந்த ஊர் இது.

பக்கத்து வீட்டுக்கு உதவும்போதுதான் சிக்கல் வருகிறது. ஐயப்ப பக்தர் சாப்பிட்டுவிட்டுப் போய்விடுவார். நாளை காலை குழாயடியில் அவரை எதிர்கொள்ள வேண்டியதில்லை. பக்கத்து வீட்டுக்காரியை எதிர்கொண்டாக வேண்டும். கொடுத்தவர் முகத்தைப் பார்த்து வாங்கியவர் தலை குனிய வேண்டியிருந்தால் அந்த அரிசி தொண்டையில் இறங்காது. நம் உதவிகள் பெரும்பாலும் இந்த இடத்தில்தான் தவறிவிடுகின்றன.

மொய்யை எடுத்துக்கொள்வோம். தேனி, உசிலம்பட்டி வட்டாரத்தில் மொய்யும் செய்முறையும் எவ்வளவு கனமானவை என்று வெளியூர்க்காரருக்குச் சொல்லிப் புரியவைப்பது கடினம். காதுகுத்து, கல்யாணம், வீடு குடிபுகுதல், கிறிஸ்தவ வீடுகளில் புதுநன்மை விழா என்று எதுவானாலும் வாசலில் ஒரு மேசை, ஒரு நோட்டு, பேர் எழுத ஒருவர். இதைப் பழிப்பவர்கள் உண்டு; அவர்களோடு முழுவதும் ஒத்துப்போக முடியாது. வங்கி எட்டிப் பார்க்காத காலத்தில் ஒரு குடியானவனுக்கு மொத்தமாகப் பணம் கிடைத்த முக்கியமான வழி அது. ‘நான் வாங்கியது என் கடன், திருப்பிச் செய்வேன்’ என்ற நிமிர்வோடு வாங்க முடிந்தது. அந்த நிமிர்வுதான் மொய்யின் உயிர்.

ஆனால் நோட்டுக்கு ஒரு குணம் உண்டு. திருப்பிச் செய்ய முடியாத வீட்டை அது மெல்ல வெளியே தள்ளிவிடும். இரண்டு வருடம் வேலை இல்லாத வீடு, ஆம்பளை இறந்த வீடு, நோயாளியை வைத்துக்கொண்டு திண்டாடும் வீடு, எல்லாம் விசேஷங்களுக்குப் போவதை நிறுத்திக்கொள்ளும். போனால் எழுத வேண்டுமே. சிலர் வட்டிக்கு வாங்கி எழுதுவார்கள். உதவி மிகத் தேவைப்படும் வீட்டுக்கு மொய் என்ற ஏற்பாடு எட்டாமல் போவது இப்படித்தான்.

நோட்டில்லாத கொடுக்கல் வாங்கல் ஒன்றும் நம்மிடம் உண்டு. பண்டிகைத் தட்டு. கிறிஸ்துமஸ் காலையில் அதிரசமும் முறுக்கும் அடுக்கிய தட்டு ராவுத்தர் வீட்டுக்கும் தேவர் வீட்டுக்கும் கவுண்டர் வீட்டுக்கும் போகும். தீபாவளிக்கும் பெருநாளுக்கும் எதிர்த் திசையில் வரும். வந்த தட்டை வெறுந்தட்டாகத் திருப்பிக் கொடுக்க மாட்டார்கள். ஒன்றும் இல்லாவிட்டால் ஒரு கை அரிசியோ கொஞ்சம் சீனியோ போட்டுத்தான் அனுப்புவார்கள். கணக்கு யாரும் பார்ப்பதில்லை. இந்த வீட்டுக் கையும் கொடுத்தது என்பது மட்டும் நிலைத்துவிடுகிறது. கஷ்டப்படும் வீட்டுக்கு ஊர் செய்யும் உதவி இந்தத் தட்டின் முறையில் அமைய வேண்டும் என்பதே நான் வற்புறுத்த விரும்புவது. வாங்குகிற வீடு அதே பண்டிகையில் ஏதாவது ஒரு வகையில் கொடுக்கிற வீடாகவும் இருக்க வழி விட வேண்டும்.

இதற்கு முதல் எதிரி கைப்பேசி. ஐந்து கிலோ அரிசிப் பையை ஆறு பேர் பிடித்துக்கொண்டு, நடுவில் ஒரு பாட்டியை நிற்கவைத்து எடுக்கும் படம் இப்போது எல்லாக் கட்சிக்கும் எல்லாச் சங்கத்துக்கும், வருத்தத்தோடு சொல்கிறேன், எல்லாக் கோயிலுக்கும் வழக்கமாகிவிட்டது. அந்தப் பாட்டியின் பேத்தி பத்தாம் வகுப்புப் படிக்கிறாள் என்றால் மறுநாள் பள்ளியில் அவள் தோழிகள் கையிலெல்லாம் அந்தப் படம் இருக்கும். நன்கொடையாளருக்குக் கணக்குக் காட்ட வேண்டும் என்பார்கள். கணக்குக்கு ரசீது போதும், முகம் வேண்டாம். இந்த ஒரு பழக்கத்தை எல்லா மதத்தாரும் எல்லாக் கட்சியினரும் சேர்ந்து இந்த மாவட்டத்தில் நிறுத்திவிட முடிந்தால் அதுவே பெரிய காரியம். இதற்கு நிதி வேண்டாம், சட்டம் வேண்டாம்.

கத்தோலிக்கப் பங்குகளில் இதற்கு முன்மாதிரி ஏற்கெனவே இருக்கிறது; நாம்தான் அதைப் போதிய அளவு பயன்படுத்துவதில்லை. 1833இல் பாரிஸில் பிரெடெரிக் ஓசானாம் என்ற இருபது வயது மாணவர் நண்பர்களோடு தொடங்கிய வின்சென்ட் தே பவுல் சபை, தமிழ்நாட்டின் எத்தனையோ பங்குகளில் இயங்குகிறது. அதன் உறுப்பினர்கள் ஏழை வீடுகளுக்கு இருவர் இருவராகப் போவார்கள். போய் உட்கார்ந்து பேசுவார்கள். அவர்கள் கூட்டத்தில் ஒரு பை சுற்றிவரும். அதில் யார் எவ்வளவு போட்டார் என்பது யாருக்கும் தெரியாது. ஏறக்குறைய இருநூறு ஆண்டுகளாக நீடிக்கும் இந்த வழக்கத்தில் இரண்டு விஷயங்களைக் கவனிக்க வேண்டும். உதவி பெறுபவர் வரிசையில் வந்து நிற்பதில்லை, உதவி அவர் வீட்டுக்குப் போகிறது. கொடுத்தவர் பெயர் எங்கும் ஏறுவதில்லை.

இதோடு நம் ஊர் வழக்கத்துக்குப் பொருந்தும் சில ஏற்பாடுகளையும் சேர்க்கலாம். மளிகைக் கடை அண்ணாச்சியிடம் போய் அந்த வீட்டுப் பற்றை அடைத்துவிட்டு வருவது நல்ல வழி. யார் அடைத்தார்கள் என்று அவர் சொல்ல வேண்டியதில்லை. ‘உங்க கணக்கு நேராயிருச்சும்மா, வேண்டியத எடுத்துக்கங்க’ என்று சொன்னால் போதும். துணி எடுத்துக் கொடுப்பதைவிடத் துணிக் கடையில் பணம் கட்டிவிட்டு, அந்த வீட்டுப் பிள்ளைகளே போய் நிறம் பார்த்து எடுத்துக்கொள்ள விடுவது மேல். எல்லா ஏழைப் பிள்ளைக்கும் ஒரே நிறத்தில் ஒரே சட்டை எடுத்துக் கொடுத்தால் திருப்பலியில் அந்தச் சட்டையே அவர்களை அடையாளம் காட்டிவிடும்.

பாட்டுக் குழுவைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். டிசம்பரில் இளைஞர்கள் மத்தளமும் கிதாருமாக வீடு வீடாகப் பாடி வருவார்கள். கிறிஸ்துமஸ் தாத்தா மிட்டாய் கொடுப்பார். கூடவே காணிக்கைப் பெட்டியும் வரும். பெட்டியில் போட ஒன்றும் இல்லாத வீட்டில் விளக்கை அணைத்துவிட்டு உள்ளே இருப்பார்கள். வருடத்தில் ஒருமுறை தன் வாசலுக்கு வரும் பாட்டை அந்த வீடு இருட்டில் உட்கார்ந்து கேட்கிறது. எந்தத் தெருவிலும் பெட்டியை வாசலுக்குக் கொண்டுபோகக் கூடாது. காணிக்கையைக் கோயிலில் வைத்து வாங்கிக்கொள்ளலாம். அதோடு, பாட்டுக் குழுவுக்குச் சுக்குக் காப்பி போட்டுக் கொடுக்கும் பொறுப்பைக் கஷ்டத்தில் இருக்கும் வீடு ஒன்றிடமே ஒப்படைக்கலாம். கருப்பட்டியும் சுக்கும் முன்னமே வந்து சேர்ந்திருக்க வேண்டும், அவ்வளவுதான். அன்றைக்கு அந்த வீட்டு வாசலில் இருபது இளைஞர்கள் டம்ளரைக் கையில் வைத்துக்கொண்டு, ‘நல்லாருக்கு அத்தை’ என்று சொல்லி நிற்பார்கள்.

யாருக்கு உதவுவது என்ற கேள்விக்கு வருவோம். எந்த வீடு கஷ்டத்தில் இருக்கிறது என்பது ஊரில் சிலருக்கு நன்றாகத் தெரியும். அங்கன்வாடி ஆசிரியைக்குத் தெரியும். சத்துணவு அமைப்பாளருக்குத் தெரியும். கிராம சுகாதாரச் செவிலியருக்கும் ரேஷன் கடைக்காரருக்கும் தெரியும். கோயில் உபதேசியாருக்கும் பள்ளிவாசல் இமாமுக்கும் அவரவர் மக்களைத் தெரியும். ஆனால் இவர்கள் ஒன்றாக உட்கார்ந்து பேசுவதில்லை. விளைவு, ஒரே வீட்டுக்கு மூன்று பை அரிசி போகிறது. மூன்று வீடு தள்ளி ஒன்றும் போவதில்லை. கேட்கத் தெரிந்தவர் பெறுகிறார், கூச்சப்படுபவர் விடுபடுகிறார். அன்பியங்கள் என்ற பெயரில் இருபது முப்பது குடும்பங்களைக் கொண்ட குழுக்கள் கத்தோலிக்கப் பங்குகளில் கூடுகின்றன. சி.எஸ்.ஐ. சேகரங்களிலும் பெந்தெகொஸ்தே சபைகளிலும் வீட்டுக் கூட்டங்கள் உண்டு. ஜமாத்துகளும் ஊர்க் கமிட்டிகளும் உண்டு. இவர்கள் எல்லோருக்கும் பொதுவான ஒரு பட்டியல் வேண்டும். தாளில்கூட எழுத வேண்டாம், மனத்தில் இருந்தால் போதும்.

இந்த இடத்தில் சாதியைப் பற்றிப் பேசாமல் தாண்டிப் போவது நேர்மையல்ல. நம் பட்டியல்கள் நம் தெருமுனையோடு முடிந்துவிடுகின்றன. தமிழகத்தில் பல ஊர்களில் கிறிஸ்தவர்களுக்குள்ளேயே கல்லறை தனித்தனி என்பது ஊரறிந்த வேதனை. தலித் கிறிஸ்தவக் குடும்பத்தின் சுமை இரட்டிப்பு. 1950ஆம் ஆண்டுக் குடியரசுத் தலைவர் ஆணை பட்டியல் சாதித் தகுதியை முதலில் இந்துக்களுக்கு மட்டும் அளித்தது, 1956இல் சீக்கியருக்கும் 1990இல் பௌத்தருக்கும் அது நீண்டது, கிறிஸ்தவருக்கு நீளவில்லை. பள்ளிக் கட்டணத்திலிருந்து வீட்டுத் திட்டம்வரை, அதே தெருவில் அதே மலை வேலைக்குப் போகும் இரண்டு குடும்பங்களில் ஒன்றுக்குக் கிடைப்பது மற்றொன்றுக்குக் கிடைப்பதில்லை. அரசு கைவிட்ட இடத்தைச் சபையாவது பார்க்க வேண்டாமா? கிறிஸ்துமஸ் உதவி மேட்டுத் தெருவில் தொடங்கி அங்கேயே முடிந்துவிட்டால் மாட்டுக் கொட்டிலில் பிறந்தவரின் குடிலைக் கட்டி வைத்ததற்குப் பொருள் என்ன?

இன்னொன்றும் இருக்கிறது. உரிமையாகக் கொடுக்க வேண்டியதை உதவியாகக் கொடுத்துப் பெருமை தேடிக்கொள்ளக் கூடாது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் தேயிலை, காப்பி, ரப்பரோடு ஏலத்தோட்டத்தையும் பிற்பாடு சேர்த்துக்கொண்டது. ஐந்து ஹெக்டேரும் பதினைந்து தொழிலாளர்களும் இருந்தால் அந்தத் தோட்டம் அதன் வரம்புக்குள் வரும் என்று பின்னர் திருத்தினார்கள். இருபது பேராவது வேலை பார்க்கும் இடத்தில், ஆண்டில் முப்பது நாள் வேலை செய்தவருக்குக் குறைந்தது 8.33 விழுக்காடு போனஸ் என்று 1965இன் போனஸ் சட்டம் சொன்னது; 2019இன் ஊதியச் சட்டத் தொகுப்பும் அதையே சொல்கிறது. ஆனால் காலையில் ஜீப்பில் ஏறி மாநில எல்லை தாண்டிப் போய் இரவில் திரும்பும் பெண்ணின் பெயர் எந்தத் தோட்டத்துப் பதிவேட்டில் இருக்கிறது? வீடு தமிழ்நாட்டில், வேலை கேரளத்தில். இங்கே கேட்டால் அங்கே போகச் சொல்வார்கள். அங்கே கேட்டால் வண்டிக்காரரைக் கைகாட்டுவார்கள். பெயர் பதிவேட்டில் ஏறினால் போனஸ் வரும். அதை வாங்க அவள் யாருக்கும் நன்றி சொல்ல வேண்டியதில்லை.

இடுக்கித் தோட்ட உடைமையாளர்களில் தேனி மாவட்டத்துக்காரர்கள் ஏராளம். ஏலக்காயை ஏலம் விடும் போடிநாயக்கனூரில் கிறிஸ்துமஸுக்குக் கேக் வெட்டிக் கொண்டாடும் வணிகர்களும் இருக்கிறார்கள். அவர்களிடம் கேட்பது இதுதான்: ஊர்க் கோயிலுக்குப் பெரிய நட்சத்திரம் வாங்கிக் கொடுப்பதற்கு முன், தங்கள் தோட்டத்தில் இந்த ஆண்டு வேலை செய்தவர்களின் பெயரையும் நாளையும் எழுதுங்கள். கங்காணியின் சட்டைப் பையில் இருக்கும் துண்டுச் சீட்டு போதாது. முறையான பதிவேடு வேண்டும்.

நன்றி என்ற உணர்வு இந்தப் பள்ளத்தாக்குக்குச் சொல்லிக் கொடுக்க வேண்டிய ஒன்றல்ல. முல்லைப் பெரியாறு அணையைக் கட்டிய பென்னிகுயிக் இறந்து நூறாண்டு கடந்துவிட்டது. 1895 அக்டோபரில் திறந்த அந்த அணைக்காக அவர் படத்தை வீட்டில் மாட்டியிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு அவர் பெயரை வைக்கிறார்கள், அவர் பிறந்த ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் பொங்கல் வைக்கிறார்கள். லோயர்கேம்பில் 2013இல் அவருக்கு மணிமண்டபம் திறக்கப்பட்டது. பள்ளத்தாக்கின் 14,707 ஏக்கர் இருபோக நெல்லுக்கு ஜூன் மாதம் தண்ணீர் திறக்கும்போது மலர் தூவுகிறார்கள். வெள்ளைக்காரப் பொறியாளர் ஒருவருக்குத் தமிழ் உழவர்கள் தலைமுறை தலைமுறையாக இப்படி நன்றி பாராட்டுவதை வேறெங்கும் காண்பது அரிது. அந்தக் குணத்தை மதித்தே ஒன்றைக் கேட்கத் தோன்றுகிறது. சுண்ணாம்பும் சுர்க்கி என்ற செங்கற்பொடியும் சுமந்து, காய்ச்சலிலும் காலராவிலும் அந்தக் காட்டில் மடிந்த கூலியாட்களின் கல்லறைகளும் அணைக்குப் பக்கத்தில்தான் இருக்கின்றன. அவர்களுக்குப் படம் இல்லை. நம் நன்றி பெயர் தெரிந்தவரோடு நின்றுவிடாமல் பெயர் தெரியாதவர் வரை போக வேண்டும். ஏலக்காய் எடுத்து எடுத்து நகக்கண் கறுத்த பெண்ணுக்கு டிசம்பரில் ஊர் செய்வதை அப்படிப்பட்ட நன்றியாகவே எண்ண வேண்டும். நன்றி சொல்ல வேண்டிய பக்கம் நாம்.

இந்தப் பள்ளத்தாக்கில் விளையும் பன்னீர் திராட்சை 2023இல் புவிசார் குறியீடு பெற்றது. பிரெஞ்சுப் பாதிரியார் ஒருவர் 1832இல் தமிழகத்துக்குக் கொண்டுவந்த கொடி அது என்று அப்போது பேசப்பட்டது. இன்று சுருளிப்பட்டியிலும் காமயகவுண்டன்பட்டியிலும் கூடலூரிலும் அந்தக் கொடியை யார் யாரோ வளர்க்கிறார்கள். பந்தலின் கீழ் நிற்பவரின் மதத்தை யாரும் கேட்பதில்லை. கிறிஸ்துமஸ் உதவியைக் கிறிஸ்தவர்களின் உள்வீட்டு விஷயம் என்று மற்றவர்கள் ஒதுங்கியிருக்கத் தேவையில்லை என்பதற்காக இதைச் சொல்கிறேன். 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை, வேளாங்கண்ணிக் கடற்கரையில் பண்டிகைக்கு வந்திருந்தவர்களைச் சுனாமி வாரிக்கொண்டு போனது. நாகூர் தர்கா, இறந்தவர் எந்த மதம் என்று பாராமல் அடக்கம் செய்ய இடம் கொடுத்தது. பரங்கிப்பேட்டை ஜமாத், வீடிழந்து வந்த மீனவக் குடும்பங்களுக்கு முதல் நாளிலிருந்தே சோறு போட்டது. அன்று யாரும் பட்டியல் கேட்கவில்லை, படம் எடுக்கவில்லை.

மலைக்கு அந்தப் பக்கத்தையும் இதில் சேர்க்க வேண்டும். 2011இல் கல்லும் கோபமும் போன அதே பாதைகளில் 2018 ஆகஸ்டில் வேறொன்று போனது. கேரளத்தைப் பெருவெள்ளம் புரட்டியபோது தேனி மாவட்டத்திலிருந்து அரிசியும் போர்வையும் மருந்தும் லாரி லாரியாக இடுக்கிக்கு ஏறின. ஏழு ஆண்டுக்கு முன் எல்லையில் நின்று கத்தியவர்களில் சிலரும் மூட்டை தூக்கியிருப்பார்கள் என்றே நம்புகிறேன். அந்த உறவு வெள்ளம் வடிந்ததும் வடிந்துவிடக் கூடாது. அணை வழக்கில் 2014 மே 7 அன்று உச்ச நீதிமன்றம் 142 அடி வரை நீர் தேக்க அனுமதி தந்த பிறகும் பிரச்சினை அவ்வப்போது தலைதூக்குகிறது. இனி எப்போது எல்லையில் பதற்றம் வந்தாலும், தங்கி வேலை செய்பவர்களைப் பாதுகாப்பாக இறக்கிவிடவும் செய்த வேலைக்குரிய கூலியை அவர்கள் வீடு சேரும் முன் கொடுத்துவிடவும் தேனி, இடுக்கி மாவட்ட நிர்வாகங்களுக்குள் எழுத்தில் ஓர் உடன்பாடு இருக்க வேண்டும். கட்டப்பனையிலும் வண்டன்மேட்டிலும் உள்ள பங்குகளும் கம்பம், உத்தமபாளையம் பங்குகளும் இதற்குக் குரல் கொடுக்கலாம். இரு பக்கமும் தோட்ட உடைமையாளரும் தொழிலாளியும் ஒரே ஆலயத்தில் மண்டியிடுகிறார்களே.

நம் முன்னுள்ள காலக்கெடு தெளிவானது. திருவருகைக் காலத்தின் முதல் ஞாயிறு நவம்பர் 27க்கும் டிசம்பர் 3க்கும் இடையில் வரும். அன்றிலிருந்து கிறிஸ்துமஸுக்கு மூன்று வாரத்துக்குமேல் இருக்கிறது. அந்த ஞாயிறன்று ஒவ்வொரு ஊரிலும் பங்குத்தந்தையோ சபைப் போதகரோ அழைப்பு விடுத்து, அங்கன்வாடி ஆசிரியை, தலைமையாசிரியர், ஜமாத் தலைவர், ஊர்க் கமிட்டிக்காரர்கள், மளிகைக் கடைக்காரர் எல்லோரும் ஒருமுறை கூடினால் போதும். இரண்டாவது வாரத்துக்குள் கடைப் பற்றுகளை அடைத்துவிடலாம். மூன்றாவது வாரம் துணிக்கடை. ஜீப் ஓட்டுநர்களும் கங்காணிகளும் வந்தால் பதிவேட்டுப் பேச்சையும் அங்கேயே தொடங்கலாம். மலை வேலைக்குப் போகும் பெண்களில் நான்கைந்து பேராவது அந்தக் கூட்டத்தில் உதவி கேட்பவர்களாக அல்லாமல் முடிவெடுப்பவர்களாக உட்கார வேண்டும். ஞாயிற்றுக்கிழமை அவர்களுக்குத் துணி துவைக்கவும் சந்தைக்குப் போகவுமே நேரம் சரியாக இருக்கும். ஆகவே கூட்டத்தை மாலை ஆறு மணிக்கு மேல், பிள்ளைகளையும் கூட்டிவரும்படி சொல்லி, அவர்கள் தெருவிலேயே வைப்பது நல்லது.